கொடியோடு ஏறிய தாயத்து

எஸ்டேட் லயம்,
போடிமெட்டுச் சரிவு,
16-8-1982, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய மச்சான், உபதேசியார் வெள்ளைத்துரை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஒச்சம்மாளின் வீட்டுக்காரன், காசிமாயன் என்கிற தானியேல், தாழ்மையாய் எழுதிக்கொண்டது.

இவ்விடம் தங்கள் தங்கை சுகம். மகள் முத்துப்பேச்சி போடி ஆஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள், அவளும் சுகம். வெள்ளாடு மூன்றும் சுகம், மழைக்குக் கொஞ்சம் இருமுகின்றன. வத்தலக்குண்டில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சபையாரும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். என்னுடைய சுகத்தை இரண்டு வரியில் எழுத முடியாது. அதனால்தான் இன்லண்டு லெட்டரை விட்டுவிட்டு முத்துப்பேச்சியின் கணக்கு நோட்டில் நாலு தாள் கிழித்திருக்கிறேன்.

தாங்கள் போன கடிதத்தில், சுதந்திர தினம் இந்த வருசம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, எஸ்டேட் ஜெபவீட்டில் கொடியேற்றி ஆராதனை வைக்கிறார்கள், கிறிஸ்துவுக்குள் கிடைக்கிற விடுதலையைப் பற்றி மாப்பிள்ளைதான் சாட்சி சொல்ல வேண்டும், போதகர் ஐயாவிடம் நானே பேசிவிட்டேன், நடந்ததை விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். விவரமாகவே எழுதுகிறேன். தயவு செய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

முதலில் ஒரு பழைய சங்கதி. பதினோரு வருசத்துக்கு முந்தி நான் தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் குத்தகைக்குச் சோளம் போட்டிருந்தது தங்களுக்குத் தெரியும். ஒரு விடிகாலையில் காவல் பரணிலிருந்து இறங்கினவன், வரப்போரம் கறுப்பாய் நின்றதைப் பக்கத்துக் காட்டு ராக்கையாவின் எருமை என்று நினைத்து, "இந்தா ஏய், போ அங்கிட்டு" என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். எருமையின் தொடை என் தோள் உயரத்துக்கு இருக்காது என்பது தட்டின பிறகுதான் புத்தியில் பட்டது. யானை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் ஓடினது எனக்கு நினைவில்லை, பார்த்தவர்கள் சொன்னதுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. சிலமலையில் குறி சொல்கிற கோடாங்கி ஒருவர், கறுப்புக் கயிற்றில் ஏழு முடிச்சுப் போட்டு, நடுவில் ஒரு வெள்ளிக் குழலைக் கோத்து, "இது ஒன் ஒடம்புல இருக்குற வரைக்கும் ஆனை கண்ணுக்கு நீ தெரிய மாட்டப்பா" என்று புயத்தில் கட்டிவிட்டார். அதன்பின் எந்த யானையும் என்னைப் பார்க்கவில்லை. யானை நிற்கிறது என்று கேள்விப்பட்ட பக்கமே நான் தலை வைத்துப் படுக்கவில்லை என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து வருசத்துக்கு முன் நாங்கள் குடும்பமாக ஞானஸ்நானம் எடுத்தபோது தாங்கள்தான் எனக்காகப் போதகரிடம் பொறுப்பேற்றுக்கொண்டீர்கள். அதற்கு முந்தின நாள், "மாப்ளே, புயத்துல இருந்த தாயத்து எங்க?" என்று கேட்டீர்கள். "கொட்டகுடி ஆத்துல விட்டாச்சு மச்சான்" என்றேன். தாங்கள் என்னைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினீர்கள். மச்சான், ஆற்றுக்கு நான் போனது நிஜம். அரை மணி நேரம் நின்றதும் நிஜம். ஆனால் கோடைக்காலம், கணுக்கால் அளவுதான் தண்ணீர், போட்டால் போட்ட இடத்திலேயே என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் போலிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். புயத்தில் மூன்று சுற்றாய் இருந்ததை இடுப்புக்கு இறக்கி அதையே அரணாக்கயிறாகக் கட்டிக்கொண்டேன். என் மனந்திரும்புதல் மொத்தமும் புயத்திலிருந்து இடுப்புக்கு இறங்கின அந்த அரை முழம்தான். நல்லவேளை, நம்ம சபையில் தலையில் மட்டும் தண்ணீர் தெளிக்கிறார்கள். அதனால் தலையில் தானியேலாகவும் இடுப்பில் காசிமாயனாகவும் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். சிங்கத்தின் குகையில் கிடந்து பயப்படாதவர் பேரை வைத்துக்கொண்டு, யானைக்குப் பயந்து கயிறு கட்டின ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஒளிக்கிற சோலி லேசான சோலி இல்லை மச்சான். ஐந்து வருசமாய் ஓடையில் துண்டைச் சுற்றிக்கொண்டேதான் குளிக்கிறேன். சட்டையை வெளியில் கழற்றுவதில்லை. முதுகு வலிக்கு டாக்டர் குப்புறப் படுக்கச் சொன்னபோது வலி போய்விட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். ஜனங்கள் என்னைக் கூச்ச சுபாவம் என்றார்கள். போதகர் ஐயா ஒரு படி மேலே போய், தானியேலுக்கு நல்ல அடக்கம் என்றார்.

இந்த லட்சணத்தில் விடுதலையைப் பற்றிச் சாட்சி. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், கடிதம் எழுதுவேன், சபையில் வாசிக்கிற மாதிரி எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல முத்துப்பேச்சி எழுதினாள். "சகுனத்துக்கும் தாயத்துக்கும் அடிமையாயிருந்த நான், அதைக் கொட்டகுடி ஆற்றில் எறிந்த நாளே எனக்குச் சுதந்திர நாள்" என்று சொல்லி முடித்தேன். பிள்ளை தலை நிமிர்ந்து, "அப்பா, இது ரொம்ப நல்லா இருக்கு, நிசமாவே அன்னைக்குப் பயமே இல்லையாப்பா?" என்று கேட்டாள். "பயமா, எனக்கா" என்றேன். அவள் அந்த வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். தங்களிடம் சொன்ன பொய் வேறு, என் பிள்ளை கையால் முத்து முத்தாய் எழுத வைத்த பொய் வேறு.

இனி ஞாயிற்றுக்கிழமை. கொடி என் பொறுப்பு. போடி கடையில் வாங்கின கதர்க்கொடி. கம்பம் நம்ம எஸ்டேட் சவுக்கு மரம், முப்பது அடி. கொடியேற்ற நம்ம சூப்பர்வைசர் குரியன் சார் வருகிறார், அவர் கோட்டயத்துப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஒன்பது என்றால் ஒன்பதுக்கு நிற்பார். போதகர் ஐயா பத்தரைக்குப் பூப்பாறைப் பக்கம் இன்னொரு கூட்டத்துக்குப் போயாக வேண்டும், அதற்கு ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமி வந்து காத்திருக்கிறான். எட்டே முக்காலுக்குக் கொடியை விரித்துப் பூ வைத்து மடிக்கப் போனால், கம்பத்துக் கயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற மேல்நாடா இல்லை. எலி தின்றிருக்கிறது. கீழ்நாடா இருக்கிறது, மேல்நாடா இருந்த இடத்தில் நாலு நூல்தான் இருக்கிறது. கயிறு வேண்டுமானால் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சணல் கண்டு கண்டாய்க் கிடக்கிறது, ஆனால் ஸ்டோர் காட்டு வழியில் ஒன்றரை மைல். வாழைநார் கிழித்துக் கட்டினேன், ஈரத்தில் இழுத்த உடனே அறுந்தது. கீழே ரோட்டில் குரியன் சார் பைக் சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு முழம் கயிறு வேண்டும், கெட்டியாய், மழைக்கு அறாத கயிறு. அப்படி ஒரு கயிறு எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெபவீட்டுப் பின்னால் போய் அவிழ்த்தேன். தாயத்தை மட்டும் கழற்றிவிடலாம் என்று பார்த்தால், கோடாங்கி போட்ட முடிச்சு பதினோரு வருச வேர்வையில் இறுகிக் கல்லாய்க் கிடக்கிறது, நகம்தான் பெயர்ந்தது. மூடுபனி அப்பிக் கிடக்கிறதே, முப்பது அடிக்கு மேலே யாருக்குத் தெரியப்போகிறது என்று, கயிற்றைக் கட்டி, தாயத்தைச் செவ்வந்திப் பூவோடு மடிப்புக்குள் தள்ளி, கொடியை மேலே ஏற்றிவிட்டேன். அரணாக்கயிறு போனதும் இன்னொரு சிக்கல், வேட்டி நிற்கவில்லை. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன்.

குரியன் சார் கயிற்றைச் சுண்டினார். கொடி அழகாய் விரிந்தது, பூக் கொட்டியது, எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று வாரமாய் எட்டிப் பார்க்காத வெயில் மச்சான், அந்த நிமிசம் பனியைப் பிளந்துகொண்டு வந்து நேரே அந்த வெள்ளிக் குழலில் விழுந்தது. காவி நிறத்துக்குப் பக்கத்தில் பளீர் என்று தொங்குகிறது. தேசிய கீதம் ஆரம்பித்தது. காற்றும் ஆரம்பித்தது. குழல் கம்பத்து உச்சி இரும்புக் கப்பியில் மோதி டிங், டிங் என்கிறது. எல்லோரும் அசையாமல் நின்று பாட, அது மட்டும் தாளம் போட்டது. கொடிக்கு அவமரியாதை என்று போலீசு பிடித்துக்கொண்டு போனால் சுதந்திர தினத்தன்று ஜெயிலுக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சல்யூட் அடித்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன்.

பாட்டு முடிந்ததும் மொக்கச்சாமி அண்ணாந்து பார்த்து, "அண்ணே, கொடியில என்னத்தையோ மணி கட்டிருக்கீக போல?" என்றான். நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குரியன் சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எந்தா காசி, கொடி சுருளாதிருக்கான் வெயிட்டு கெட்டியதாணோ? நல்ல புத்தி" என்று, கொடி சுருளாமல் இருக்க நான் கனம் கட்டினதாக நினைத்து, முதுகில் தட்டினார். மச்சான், நான் தப்பித்துவிட்டேன். பொய்கூட நான் சொல்லவில்லை, குரியன் சாரே சொல்லிக்கொண்டார். சபையார் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

உள்ளே போய்ப் பாட்டு, ஜெபம், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முன் வரிசையில் முத்துப்பேச்சி, வரிக்கு வரி தெரிந்தவள், எனக்கு முன்னால் வாயசைக்கிறாள். தங்கள் தங்கை பெண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். தாளைப் பிரித்து வாசித்தேன். "அடிமையாயிருந்த நான், அதைக் கொட்டகுடி ஆற்றில்" என்றேன். வெளியே, டிங். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, "கொட்டகுடி ஆற்றில்" என்றேன். டிங். மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை. அதற்கு முன்பே அது சொல்லிவிட்டது.

"ஆத்துல எறியல" என்றேன். "அந்தா மேல தொங்குதே, அதுதான். வெயிட்டு இல்ல, தாயத்து. இன்னைக்குக் காலம்பர வரைக்கும் என் இடுப்புல இருந்துச்சு. எனக்கு ஆனைன்னா பயம். விடுதலையப் பத்திப் பேச என்னையக் கூப்பிட்டிருக்கக் கூடாது. இத எழுதுனது பிள்ளை, பொய் என்னோடது." கையை ஆட்டிப் பேசினதில் வேட்டி நழுவி, மறுபடி பிடித்துக்கொண்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

போதகர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சபையைப் பார்த்து, "தானியேலு சொல்லிட்டாரு. வேற யாருக்காவது இடுப்புல, கையில, வீட்டு நெலையில ஏதாச்சும் இருக்கா? கேக்கத்தான் கேக்குறேன், யாரும் எந்திரிக்க வேணாம்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் வரிசையாய் ஏழெட்டுக் கைகள் மெதுவாக அவரவர் இடுப்புக்குப் போனதை முன்னால் நின்ற நான் பார்த்தேன். மூத்த அங்கத்தினர் ஜக்கையன் அரைக்கைச் சட்டையின் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார், அதுவரைக்கும் அவர் புயத்தில் ஏதும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஐயாவும் பார்த்தார். "எனக்கும் பூனை குறுக்க போனா வண்டிய ஒரு நிமிசம் நிறுத்தலாமான்னு தோணுது. நிறுத்துறதில்ல. ஆனா தோணத்தான் செய்யுது. நாடு விடுதலையாகி முப்பத்தஞ்சு வருசம், இன்னமும் ஒவ்வொரு கட்டா அவுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நமக்கும் அப்படித்தான். கர்த்தரு விலை குடுத்து மீட்டுட்டாரு, கட்ட அவுக்கத்தான் நாளாகுது. ஒருத்தரு இன்னைக்கு அவுத்துட்டாரு" என்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து ரகசியமாய், "ஒரு ஊக்கு வேணுமா?" என்றார். கொடி குத்திக்கொண்ட ஊக்கைத் தன் சட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வேட்டியில் குத்திக்கொண்டுதான் என் இடத்துக்குப் போனேன்.

உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. அவ்வளவு லேசாய் இருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தாயத்தை எடுத்து எறிந்துவிடலாம் என்றால், பொழுது சாய்வதற்கு முன் கொடியை இறக்கக் கூடாது, அது சட்டம் என்று குரியன் சார் சொல்லிவிட்டார். ஸ்டோரில் பச்சைக்காய் அடுப்பில் கிடக்கிறது, பன்னிரண்டு மணிக்கு விறகு தள்ள நான் போய் மாற்றினால்தான் முந்தின ஆள் சோற்றுக்கு வர முடியும். சூட்டுக்குச் சுதந்திர தினமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஒன்றரை மைல் காட்டு வழி, பதினோரு வருசத்தில் முதல் தடவையாக நான் வெறும் இடுப்போடு நடக்கிறேன். தாயத்தோ கம்பத்தின் உச்சியில் நாட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறது. முதல் வளைவில் ஒரு பாறை யானை மாதிரி இருந்தது. இரண்டாம் வளைவில் ஒரு புதர். மூன்றாம் வளைவில் பாறையும் இல்லை, புதரும் இல்லை, பாதை நடுவில் புதுச் சாணி, யானைச் சாணி, ஆவி பறக்கிறது. திரும்பி ஓடினால் அடுப்பு அணையும், நானூறு கிலோ காய் கெடும். என்ன ஜெபம் பண்ணினேன் என்று கேட்காதீர்கள், ஜெபமாக இல்லை, "நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சாணியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். யாரிடம் சொன்னேன், யானையிடமா ஆண்டவரிடமா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் பிழைப்பேன் என்று இத்தனை வருசம் நம்பினவன், முதல் தடவையாய்த் தெரிகிற மாதிரி நடந்தேன். யானை வரவில்லை. மச்சான், அவ்வளவுதான் என் சாட்சி. ஸ்டோருக்குப் போய் விறகு தள்ளினேன்.

சாயங்காலம் மாற்று ஆள் வந்ததும் திரும்பினேன். சரியாக ஆறு அடித்த பிறகு கொடியை இறக்கினேன். மொக்கச்சாமி ஐயாவை விட்டுவிட்டு வந்திருந்தான், முத்துப்பேச்சியும் தங்கள் தங்கையும் நின்றார்கள். கொடியை மடித்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அரிவாளால் கயிற்றை அறுத்துத் தாயத்தைக் கையில் எடுத்தேன். இத்தனை வருசம் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் பார்த்திருக்கிறேன், அப்போதுதான் கண்ணால் ஒன்றைக் கவனித்தேன். குழலின் வாயைக் கோடாங்கி அடைத்தது செவ்வரக்கால். இதில் இருந்தது வெள்ளை மெழுகு. நம்ம ஜெபவீட்டு மெழுகுவத்தி மெழுகு.

மொக்கச்சாமி, "தொறந்து பாருங்கண்ணே" என்றான். தங்கள் தங்கை, "வேணாம், கெடக்கட்டும்" என்றாள். அவள் வேண்டாம் என்றதால் திறந்தேன். உள்ளே கோடாங்கி வைத்த மந்திரத் தகடு இல்லை. சுருட்டின சின்னக் காகிதம். அதில் இராப் பள்ளியில் புதுசாய் எழுதப் படித்த கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை, "பயப்படாதே." அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். ரேசன் கடையில் தங்கள் தங்கை போடுகிற கையெழுத்து அதுதான்.

"இத எப்ப வச்ச?" என்றேன்.

"ஞானஸ்நானம் எடுத்த அடுத்த வாரம். ஒங்களுக்குக் காச்சல்ல நெனப்பே இல்லாமக் கெடந்தீகல்ல, ஒடம்பு தொடைக்கையில பாத்தேன்."

"அப்ப உள்ள இருந்த தகடு?"

"கொட்டகுடி ஆத்துல விட்டுட்டேன்."

ஆகவே மச்சான், நான் தங்களிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. ஒரு வாரம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

"இத்தன வருசமா என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா இன்னொண்ணு போயிக் கட்டிட்டு வருவீக, அதுக்கு ஒரு வெள்ளிக் குழலு தெண்டச் செலவு" என்றாள். மொக்கச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்புப் பக்கம் போய்விட்டான். எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீ செஞ்சதும் தாயத்துத்தான? கோடாங்கி தகடு வச்சாரு, நீ காயிதம் வச்ச. எனக்குப் பயம்னு எழுதி வச்சிருக்க" என்றேன். அவள் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "அது ஒங்களுக்கு எழுதல. எனக்கு எழுதுனது. நீங்க காட்டு வழியா சோலிக்குப் போனீகன்னா வீடு திரும்புற வரைக்கும் எனக்குல்ல பயம். அத எங்க வைக்கிறதுன்னு தெரியல. ஒங்க இடுப்புல வச்சேன்" என்றாள்.

மச்சான், இத்தனை வருசமாய் நான் என் பயத்தை அவளிடம் ஒளித்துச் சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுமந்தது அவள் பயத்தையாம். இரண்டு பேர் பயமும் ஒரே குழலில். முத்துப்பேச்சிதான், "இனிமே ரெண்டு பேரும் வாயத் தொறந்து சொல்லிக்கங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கொடியைப் பெட்டியில் வைக்கப் போனாள். சாட்சி எழுதின தாளில் அந்த வரியின் கீழே இருந்த இரண்டு கோட்டையும் அழித்துவிட்டாளாம். வரியை அழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், கணக்கில் தப்பு வந்தால் அப்படித்தான் போட வேண்டுமாம்.

இன்று காலையில் ஓடையில் துண்டு சுற்றாமல் குளித்தேன். தண்ணீர் என்ன குளிர். ஐந்து வருசமாய்த் தெரியவில்லை. நான் அடிமை என்று யாரும் என்னைக் கட்டி வைத்திருக்கவில்லை, நான்தான் முடிச்சை ராவும் பகலும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். இனி சகுனம், நாள், நேரம், கயிறு ஒன்றும் என்னை ஆளாது என்று தங்கள் முன் திட்டமாய்ச் சொல்கிறேன். தாங்கள் எனக்காகப் போதகரிடம் ஏற்ற பொறுப்பை ஐந்து வருசம் தாமதமாக நிறைவேற்றியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். மன்னித்தீர்களா என்பதை வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் வரும்போது முகத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரமும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும், தங்கள் சபையில் என்னைக் கேட்பவர்கள் யாரும் இருந்தால் அவர்களுக்கு நான் யானைக்குத் தப்பிப் பிழைத்திருக்கிறேன் என்ற செய்தியும் சொல்லவும். ஆண்டவர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
இடுப்பிலும் தானியேலாகிய
தங்கள் தாழ்மையுள்ள மாப்பிள்ளை,
காசிமாயன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாயங்காலம் புறப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் மட்டும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். விசேச காரணம் ஒன்றும் இல்லை, ராகு காலம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், அந்த நேரம் பஸ்சில் கூட்டமாய் இருக்கும், அதற்காகச் சொன்னேன். இந்தக் கடிதத்தையும் நாளைச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு முன்பே பெட்டியில் போட்டுவிடுவேன். அதற்கப்புறம் இங்கே மழை பிடித்துக்கொள்ளும்.

அண்ணே, ஒச்சம்மாள் எழுதுறது. அவரு தபால் பெட்டிக்குப் போகச் செருப்பு மாட்டுறாரு, அதுக்குள்ள எழுதுறேன். வாரப்ப வத்தலக்குண்டுல ஒரு கறுப்புக் கயிறு வாங்கிக் கொண்டாங்க, வெறுங் கயிறா. ஊக்கு இடுப்புல குத்துதாம். நாலரை பஸ்சுக்கே கெளம்பி வாங்க. எல்லாரும் அந்த நேரத்துக்குப் பயந்து ஏற மாட்டாக, சன்னல் சீட்டே கெடைக்கும்.